டிராகேனர் குதிரையும் பிழைச்சவன் கணக்கும்

குதிரைப் பைத்தியம் பிடிச்சவங்க யார்கிட்டயாவது 'டிராகேனர்'னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. பத்தே நிமிஷத்துல இந்தக் கதை வந்துடும். "1945 குளிர்ல உறைஞ்ச தண்ணி மேல நடந்தே தப்பிச்ச குதிரைங்க இது. நோஞ்சான் எல்லாம் செத்துப் போச்சு, பலசாலி மட்டும் மிஞ்சுச்சு. அதான் இந்த இனம் இவ்ளோ ஸ்ட்ராங்கு!" கேக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல ரெண்டு தகராறு.

அதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காக ஒரு குட்டி முன்கதை. வண்டியும் ஏரும் இழுக்கற கனத்த குதிரைங்க 'கோல்ட்பிளட்'. அரபி, தரோபிரெட் மாதிரி துள்ளுற ஜாதி 'ஹாட்பிளட்'. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது 'வார்ம்பிளட்'. உடம்புச் சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. ஒலிம்பிக்ஸ்ல டிரெஸ்ஸாஜ், ஜம்பிங்னு பாக்கறோமே, அதுல பெரும்பாலும் வார்ம்பிளட்தான்.

1732-ல பிரஷ்யா ராஜா முதலாம் ஃப்ரெட்ரிக் வில்லியம், கிழக்குப் பிரஷ்யாவுல சதுப்பு நிலத்தை வடிய வச்சு, டிராகேனன்ங்கற ஊர்ல பெரிய குதிரைப் பண்ணை போட்டார். ராணுவத்துக்கு வேகமும் தாக்குப்பிடிக்கற சக்தியும் உள்ள குதிரை வேணும், அவ்ளோதான் தேவை. உள்ளூர்க் குதிரையோட அரபியையும் தரோபிரெட்டையும் கலந்து, தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தாங்க. 1926-ல இருந்து ஸ்வியோன்ங்கற ஊர்ல பொலிக்குதிரைகளுக்குப் பரீட்சையே வச்சாங்க. பலன்? 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல டிரெஸ்ஸாஜ் தங்கம் குரோனோஸ், ஈவன்டிங் தங்கம் நூர்மி. ரெண்டுமே கிழக்குப் பிரஷ்யாக் குதிரை.

இப்ப 1945-க்கு வருவோம். ஜனவரியில செஞ்சேனை உள்ள நுழைஞ்சுது. ஜனங்க வண்டி கட்டிக்கிட்டு, உறைஞ்சு கிடந்த விஸ்துலா காயல் மேல மேற்கே ஓடினாங்க. மேல விமானத் தாக்குதல், கீழ உடையற ஐஸ். சினையா இருந்த குதிரைங்க கூட வண்டி இழுத்துச்சு. பதிவேட்டுல ஆயிரக்கணக்குல இருந்த பெண்குதிரைகள்ல பத்துல ஒண்ணு கூட மேற்கே போய்ச் சேரலை.

முதல் தகராறு: இது பலத்துக்கு வச்ச பரீட்சையே இல்ல. ஒரு குதிரை பிழைக்குமாங்கறதை எது முடிவு பண்ணுச்சு? எந்த கிராமம், என்னிக்குக் கிளம்புச்சு, ஐஸ் எங்க உடைஞ்சுது, வழியில தீவனம் கிடைச்சுதா, இதெல்லாம்தான். ஒரு வாரம் லேட்டா கிளம்பின கொட்டில்ல உலகத்துலயே சிறந்த குதிரை இருந்திருந்தாலும் கதை முடிஞ்சுது. நாம பாக்கறது மிஞ்சினதை மட்டும். மூழ்கினது பேசாது. பத்துல ஒம்பது போனா ஒரு இனம் பலமாகாது, அதோட ரத்த வகைகள் சுருங்கிப் போகும். நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, சர்வர் எரிஞ்சதால ப்ரோக்ராம் நல்லா ஆச்சுன்னு எவனாவது சொல்வானா? பேக்கப் இருந்துச்சு, பிழைச்சோம்னு சொல்வான்.

இங்க பேக்கப் எது? பரம்பரைப் பதிவேடும் மான்கொம்பு முத்திரையும், அதை மதிச்ச மனுஷங்களும்தான். கிழக்குப் பிரஷ்யாவுல இனப்பதிவுச் சங்கத்தை நடத்தின ஃப்ரிட்ஸ் ஷில்கே மாதிரி ஆளுங்க, அகதியா வந்த இடத்துலயும் சிதறிக் கிடந்த குதிரைகளைத் தேடிப் பிடிச்சு, 1947-ல மேற்கு ஜெர்மனியில புதுசா சங்கம் ஆரம்பிச்சாங்க. தொடையில குத்தின கொம்பு முத்திரைதான் அந்தக் குதிரைக்கு அடையாள அட்டை. தரோபிரெட், அரபி, ஆங்கிலோ அரபி, ஷாக்யா தவிர வேற ரத்தம் சேர்க்கறதில்லைங்கற கட்டுப்பாடு இன்னிக்கும் இருக்கு. லேசான உடம்பு, மிதக்கற மாதிரி ஓட்டம், சட்டுனு பிடிச்சுக்கற புத்தி எல்லாம் பல தலைமுறை வேலையில வந்தது, ஒரு குளிர்காலத்துல வந்ததில்ல.

ரெண்டாவது தகராறு இன்னும் முக்கியம். இந்தக் கதையில குத்தவாளி காணாமப் போயிடறான். அங்க நாஜி மாகாணத் தலைவனா இருந்த எரிக் கோஹ், ஜனங்க காலாகாலத்துல கிளம்பறதைத் தடுத்தான். முன்கூட்டியே கிளம்ப நினைக்கறதே தோல்வி மனப்பான்மைன்னு மிரட்டல். ரோடெல்லாம் கெட்ட அப்புறம்தான் பொம்பளைங்களும் குழந்தைகளும் கிழவங்களும் ஜனவரி கடைசியில ஐஸ்ல இறங்க வேண்டி வந்துச்சு. பல வண்டிகளை ஓட்டினது போர்க்கைதிகளும் கட்டாயக் கூலிகளும். கோஹ்? ஏப்ரல்ல கப்பல் ஏறித் தப்பிச்சான்! அப்புறம் பிடிபட்டு, 1986-ல போலந்து சிறையில செத்தான்.

"குதிரைங்க என்னமா தாங்குச்சு பாரு"ன்னு நாம புல்லரிச்சு நிக்கும்போது, "ஏன் தாங்க வேண்டி வந்துச்சு?"ங்கற கேள்வி அமுங்கிப் போகுது. எந்தப் பேரழிவுக்கும் 'அதனாலதான் உறுதியானோம்'னு ஒரு பூச்சு பூசறது, செத்தவங்களுக்குச் செய்யற அநியாயம்.

2021 டோக்கியோ, 2024 பாரிஸ் ரெண்டுலயும் டிரெஸ்ஸாஜ் தனிநபர் தங்கம் ஜெயிச்ச டலேராவும் டிராகேனர் பெண்குதிரைதான். யூட்யூப்ல அவ ஆடறதைப் பாருங்க, அசந்துடுவீங்க. அந்தப் பெருமையை ஐஸுக்குக் குடுக்காதீங்க. நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமா வச்சிருந்தவங்களுக்குக் குடுங்க.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வாங்க, கும்மலாம் :-)