படம் சுருங்கினால் கோயில் எங்கே போகும்?

மாணவர்களே, உங்கள் பள்ளி இணையத்தளத்திற்கு ஜார்ஜ்டவுன் வரைபடத்தையே மெனுவாக வைக்கலாம். குவீன் தெரு மாரியம்மன் கோயிலைத் தொட்டால் ஒரு பக்கம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தொட்டால் இன்னொரு பக்கம். 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 3.2இலேயே இதற்கு வழி உண்டு. செவ்வகம், வட்டம், பலகோணம் என ஒவ்வோர் இடத்தின் எல்லையையும் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து பிக்சல் கணக்கில் அளந்து எழுதவேண்டும்.

இன்று அந்த முறை வேண்டாம் என்பேன். 1000 பிக்சல் அகலப் படத்தில் கோயில் 600ஆவது பிக்சலில் இருக்கிறது. கைப்பேசியில் படம் 400ஆகச் சுருங்கினால் கோயில் 240க்கு வந்துவிடும். எழுதிய எண் மட்டும் 600ஆகவே நிற்கும். அது படத்திற்கே வெளியே! கோயிலைத் தொட்டவருக்குப் பள்ளிவாசல் பக்கம் திறந்தாலும் வியப்பில்லை.

எஸ்.வி.ஜி. முறையில் வரையுங்கள். அதில் தொடும் பகுதியும் படத்தோடு சேர்ந்தே சுருங்கும். ஆனால், பழைய நகரில் எல்லாம் அருகருகே இருப்பதால் சின்னத் திரையில் ஒரே விரல் இரண்டு இடங்களை மறைக்கும். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானோ, படமாகிப்போன எழுத்தை வாசிக்காது. ஆகவே அதே இடங்களின் பெயர்களை வரைபடத்தின் கீழே சாதாரண எழுத்திலும் இணைப்பாகக் கொடுங்கள். அழகு கெடுகிறது என்று நண்பர்கள் சொன்னால், கைப்பேசியைக் கொடுத்துக் கோயிலைத் தொடச் சொல்லுங்கள்.