பிறவி ஞானமா? பெற்ற பயிற்சியா?

“அவர்களுக்கென்ன, இசை இரத்தத்திலேயே ஊறிக் கிடக்கிறது!” என்பர், அமெரிக்கக் கருப்பின மக்களின் ஜாஸ் இசையைக் கேட்டுத் தலையசைக்கும் சிலர். பாராட்டுப்போல் தோன்றும் இப்பேச்சைப் பகுத்தறிவு எனும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறோம். பொன்முலாம் போகிறது, பித்தளை பல்லிளிக்கிறது! இரத்தத்தில் ஊறியது என்றால் என்ன பொருள்? அவன் பயிலவில்லை, பாடுபடவில்லை, சிந்திக்கவில்லை. குயில் கூவுவதுபோல் கூவுகிறான் என்பதன்றோ பொருள்? பயிலாதவனுக்குப் பல்கலைக் கழகம் ஏன்? சிந்திக்காதவனுக்குப் பேராசிரியர் பதவி ஏன்? புகழ்மொழியையே பூட்டாக்கிக் கல்விக்கூடத்தின் கதவில் மாட்டிய கயமை அது!

அந்தப் பூட்டை உடைத்தோருள் ஒருவர் டேவிட் பேக்கர். 1931-இல் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தவர். கிரிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். அப்பள்ளியின் தோற்றமே பழிக்குரியது. கூ கிளக்ஸ் கிளான் எனும் வெள்ளை வெறியர் கூட்டம் அம்மாநிலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், கருப்பின மாணவரைப் பிரித்து ஒதுக்க 1927-இல் திறக்கப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? நிறம் பார்த்து மற்ற கல்விக்கூடங்கள் நிராகரித்த பட்டதாரிகள் அங்கே ஆசிரியர்களாக வந்தமர்ந்தனர். படுகுழி என்று தோண்டினர் பகைவர். ஊற்றாகப் பெருகியது அறிவு! டிராம்போன் மேதை ஜே. ஜே. ஜான்சன் அப்பள்ளி தந்த செல்வம், பேக்கரும் அவ்வாறே. இரத்தமா தந்தது? ஆசிரியர் தந்தனர்!

இண்டியானா பல்கலைக் கழகத்தில் 1953-இல் இளநிலைப் பட்டமும், 1954-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் மிசூரி மாநிலத்து லிங்கன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். வெள்ளையினப் பாடகி ஒருவரிடம் காதல் கொண்டார். கலப்பு மணம் குற்றம் என்றது மிசூரிச் சட்டம்! சிகாகோ சென்று மணந்தார். ஆசிரியப் பணியைத் துறந்தார். காதலைக் குற்றமாக்கிய அத்தகைய சட்டங்கள் செல்லா என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் கூற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

துன்பம் அத்துடன் நின்றதா? இல்லை. 1953-இல் நேர்ந்த கார் விபத்தில் அவர் தாடை சிதைந்திருந்தது. உதடும் தாடையும் ஒத்துழைத்தாலன்றி டிராம்போன் ஒலிக்காது. ஜார்ஜ் ரஸ்ஸலின் குழுவில் புகழோடு வாசித்துவந்தவர், 1960-களின் தொடக்கத்தில் அக்கருவியைக் கீழே வைக்க நேர்ந்தது. ஆண்டவன் அளித்த வரம் என்போரைக் கேட்கிறோம்: அளித்தவனே பறித்தானோ? பேக்கர் கோயிலுக்கு ஓடவில்லை. செல்லோ எனும் நரம்புக் கருவியை எடுத்தார். ஊதிப் பழகிய மனிதர், வில் பிடிக்கப் புதிதாகக் கற்றார்! பிற்காலத்தில், உலகறிந்த செல்லோ கலைஞர் யானோஸ் ஸ்டார்க்கர் தமக்கென ஒரு படைப்பை அவரிடம் கேட்டுப் பெற்றார். பயிற்சியின் வெற்றிக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அந்நாளில் மேலோர் மன்றங்கள் ஜாஸை எவ்வாறு மதித்தன? 1965-இல் டியூக் எலிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் பரிந்துரைத்தனர்; மேற்குழு மறுத்தது. நடுவர் இருவர் பதவி விலகினர். எலிங்டன் 1974-இல் மறைந்தார். பாராட்டு வந்ததோ 1999-இல்! இருக்கும்போது இலை போடவில்லை, இறந்தபின் விருந்து!

இத்தகைய சூழலில்தான், 1966-இல் பேக்கர் இண்டியானா பல்கலைக் கழகத்தில் ஜாஸ் கல்வியைத் தொடங்கினார். 1968-இல் அது பட்டப் படிப்பாயிற்று. கற்பனையில் அவ்வப்போது பிறக்கும் இசைக்கும் இலக்கணம் உண்டு, அதைக் கற்பிக்க முடியும் என்று நூல்கள் எழுதிக் காட்டினார். டிரம்பெட் கலைஞர்கள் ஃபிரெடி ஹப்பர்டும் ராண்டி பிரெக்கரும் அவரிடம் பயின்றோர். 2013 வரை துறைத்தலைவராக இருந்தார், 2016-இல் மறைந்தார்.

“ஜாஸைப் பள்ளியில் அடைத்தால் உயிர் போய்விடும், எல்லாரும் ஒரே வார்ப்பாக வாசிப்பர்” என்று எதிர்வாதம் எழும். ஒரு பகுதி மெய்தான், மறுக்க மாட்டோம். மூத்தோர் பக்கத்தில் நின்று இரவெல்லாம் வாசித்துக் கற்ற கல்விக்கு வகுப்பறை ஈடாகாது. கட்டணம் உயர்ந்தால், இசையைப் படைத்த ஏழை மக்களின் பிள்ளைகளே வெளியில் நிற்க நேரும். ஆனால் அதற்கு மருந்து என்ன? கதவை அகலத் திறப்பதா, இழுத்து மூடுவதா? இலக்கணம் கற்றதால் கவிதை செத்ததுண்டோ?

இளந்தோழர்களே! பிறப்பால் தாழ்ந்தவன் என்பது வெளிப்படையான வசை. பிறப்பால் கலைஞன் என்பது தேன் தடவிய வசை. இரண்டும் ஒரே மரத்துக் கனிகள். “இது இன்னாருக்கே வரும்” என்று எவர் சொன்னாலும், எந்த நாட்டில் சொன்னாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்குக் கற்பித்தீர்கள்? யாருக்கு மறுத்தீர்கள்? விடை வரும்வரை கேட்போம்!