கோமுகி காட்டும் வழி

அபிஷேக நீர் எங்கே போகிறது என்று எந்தச் சிவாலயத்திலும் நாம் தேட வேண்டியதில்லை. கருவறையின் வடபுறத்தில் கோமுகி வழியே, எல்லோர் கண்ணெதிரிலும் அது வெளியேறுகிறது. பிரதோஷத்தன்று சோமசூக்தப் பிரதட்சிணம் செய்வோர் அதைத் தாண்டாமல் திரும்புகிறோம். சென்ற பிரதோஷத்தில் இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் அவ்வாறு திரும்பியபோது, என் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது.

இடையஞ்சாவடியில் உள்ள எங்கள் வீட்டில், மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் பூஜையறைச் சுவருக்குள் இறங்குகிறது. வெளியே தெரிந்தால் அழகில்லை என்று அப்படிப் புதைக்கச் சொன்னவன் நானே. ஈராண்டுகளுக்கு முன் அந்தச் சுவரில் வெண்மையாக உப்புப் பூத்தது. கடற்காற்று என்று சொல்லி, சுரண்டி வண்ணம் பூசினேன். மீண்டும் பூத்தது, மீண்டும் பூசினேன். கணக்கில் பொருந்தாத தொகையை ஒதுக்கி வைத்தால் அது தீர்ந்துவிடாது என்று வங்கியில் பிறருக்குச் சொல்லி வந்தவன் நான்!

மரக்காணம் உப்பளங்களைக் கண்டவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். பாத்தியில் தேக்கிய நீரை வெயில் உறிஞ்ச, உப்பு தங்கிவிடுகிறது. சுவரிலும் அதுவே நிகழ்கிறது. கசியும் நீர் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொணர்கிறது. நீர் உலர்ந்ததும் உப்பு நிற்கிறது. வண்ணம் உப்பை மறைக்கும்; நீரை நிறுத்தாது.

"என்னங்க, இந்தப் படத்தைப் பாருங்க" என்று ஒருநாள் மனைவி அழைத்தாள். என் தாயார் நாள்தோறும் விளக்கேற்றி வணங்கிய ராமர் பட்டாபிஷேகப் படம். கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்து, சீதாப்பிராட்டியின் திருமுகம் மறைந்திருந்தது. அன்றுதான் பிளம்பரை அழைத்தேன்.

அவர் உடனே சுவரை உடைக்கவில்லை. சில நாட்கள் மாடிக் குளியலறையைப் பயன்படுத்தாதிருக்கச் சொன்னார். தண்ணீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் உண்டு. அது கசிந்தால் ஈரம் குறையாது. கழிவுநீர்க் குழாயோ நீர் இறங்கும்போது மட்டுமே கசியும். ஈரம் குறைந்தது. பின்னர் வடிதுளையை அடைத்துத் தரையில் ஒரு நாள் நீரைத் தேக்கினார், சுவர் நனையவில்லை. அடைப்பை எடுத்து நீரை இறக்கிய பிறகு நனைந்தது. ஆக, தரையில் குறையில்லை. குழாயில்தான் என்பது தெளிவாயிற்று.

அருகிலிருந்த சுவிட்சுக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஈரம் மிகுந்த இடத்தில் ஓரடி மட்டும் கொத்தினார். இணைப்பொன்று விரிசல் விட்டிருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதியது பொருத்தி, பசை இறுக ஒரு நாள் விட்டு, நீரூற்றிச் சோதித்தார். உடனே பூசிவிடலாமா என்றேன்.

"வேண்டாம் ஐயா. சுவர் நன்றாகக் காயட்டும். இந்த இடத்தில் ஒரு சின்னக் கதவு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால் திறந்து பார்க்கலாம்" என்றார்.

சுவர் உலரச் சில வாரங்கள் ஆயின. இப்போது அங்கே சிறு கதவு இருக்கிறது, அழகில்லைதான். படம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நான் தாமதித்த ஈராண்டுக்கான வட்டி அது. மனைவி அதன்முன்தான் இன்றும் விளக்கேற்றுகிறாள்.

அன்பர்களே, வரும் வெள்ளிக்கிழமை பூஜையறையைத் துடைக்கும்போது, சுவாமி படங்களைச் சற்றே நகர்த்தி, பின்னால் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.