பிள்ளைகள் கையிலும் அகப்பையைக் கொடுங்கள்

கடன் விசாரணைக்காகவும் தறிக் கணக்கெடுப்புக்காகவும் அங்கத்தினர்களின் இல்லங்களுக்குச் செல்லும் எனக்கு, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சில காட்சிகளையும் காணும் வாய்ப்புக் கிட்டுகிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று வடசேரியில் கண்டது அத்தகையது. வீட்டம்மாள் வெளியூர் சென்றிருந்தார். தகப்பனார் தறியில் இருந்தார். பன்னிரண்டு வயதுப் பையன் அடுக்களையில் அமர்ந்து அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். "இன்னைக்கு மட்டுந்தான் சார்" என்று தகப்பனார் கூச்சத்துடன் கூறினார். அந்தக் கூச்சம் வேண்டியதில்லை என்று சொல்லவே இதனை எழுதத் துணிந்தேன்.

நாஞ்சில் நாட்டு அவியல் எளிய காரியமன்று. சேனை வேகும் நேரம் வேறு, வெள்ளரிக்காய் வேகும் நேரம் வேறு. யாவற்றையும் ஒருசேரக் கொட்டினால் ஒன்று கல்லாக நிற்கும், மற்றொன்று குழைந்து போகும். தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்ந்த அரைப்பை எப்பொழுது சேர்ப்பது, புளிப்புக்கு மாங்காய் எவ்வளவு, இறக்கும் தறுவாயில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் எவ்வளவு என்பதையெல்லாம் கண்ணும் மூக்குமே தீர்மானிக்க வேண்டும். பையன் சேனையை முதலில் இட்டான். காரணம் கேட்டேன், சரியாகச் சொன்னான். கனகமூலம் சந்தையில் முருங்கைக்காய் விலை ஏறியிருந்ததால் அதைக் குறைத்துக் கத்தரிக்காயைக் கூட்டியதாகவும் சொன்னான். கொண்டுசென்ற பணம், செலவு, மிச்சம் மூன்றையும் நான் கேளாமலே ஒப்புவித்தான். ரொக்கக் கையிருப்பை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சங்கக் காரியதரிசிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். அதை இங்கு விவரிப்பது உசிதமன்று.

இது புதிய யோசனையுமன்று. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலை நடுநாயகமாக வைத்துப் பிற பாடங்களை அதனுடன் இணைத்தது. சேவாகிராமத்தில் அதனை நடத்தியவர்கள் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் ஆவர். அங்கே நூற்பு, நெசவு, தோட்ட வேலை ஆகியவற்றோடு சமையற்கூடமும் பாடமாயிற்று. பிள்ளைகள் முறைவைத்துச் சமைத்தனர், செலவுக் கணக்கெழுதினர், சத்துள்ள உணவு எது என்று கற்றனர். நெசவாளர்க்கும் உழவர்க்கும் இதைவிட நெருங்கிய கல்வித் திட்டம் வேறெது? ஆயினும் அது நாட்டில் வேரூன்றவில்லை. கையால் வேலை செய்வோரே தம் பிள்ளைகளுக்குக் கைவேலை வேண்டாமென்று எண்ணியதும் அதற்கொரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

"எங்கள் பெண் தினமும் சமைக்கிறாளே" என்று சிலர் கேட்கக்கூடும். அதுவே என் முறையீடு. தாயார் தார் சுற்ற அமர்ந்தால் அரிசி களைவது பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் தம்பியோ பந்தாடப் போகிறான். அவளிடமும் வேலையைத்தான் ஒப்படைக்கிறோம், பொறுப்பை ஒப்படைப்பதில்லை. என்ன வாங்குவது, எவ்வளவு செலவிடுவது, யாருக்கு எது ஒவ்வாது என்பதை அவளைக் கேட்பதில்லை. வாரத்தில் ஒரு வேளை, சந்தைப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, மகனிடமும் மகளிடமும் முறைவைத்து விட்டுப் பாருங்கள். சிறுவர்க்கு அடுப்பருகே பெரியவர் துணை அவசியம். அரிவாள்மணையையும் கொதிக்கும் எண்ணெயையும் சற்று வளர்ந்த பின்னரே தர வேண்டும். இரண்டொரு வேளை சோறு குழையும், குழம்பு கரிக்கும். அப்பொழுது முகம் சுளிக்காமல் உண்ணுவது தகப்பனாரின் பங்கு.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 1844-இல் கடை திறந்தபோது முதலில் விற்ற சரக்குகளில் மாவு, வெண்ணெய், சர்க்கரை இருந்தன. கலப்படமின்மையும் சரியான எடையும் அவர்கள் கொள்கை. அரிசியில் கல் பொறுக்கிய கைக்கே அக்கொள்கையின் அருமை விளங்கும். நாளை நமது பண்டகசாலையில் பொருள் வாங்கப் போகிறவர்களும், பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கப் போகிறவர்களும் இந்தப் பிள்ளைகளே அல்லவா?

நிற்க. பரிசோதனைக்குச் சென்ற வீட்டில் உண்பது முறையன்று. ஆயினும் பையன் நீட்டிய ஒரு கரண்டி அவியலை மறுக்க இயலவில்லை. உப்புச் சற்றுக் கூடுதல். நான் வாய் திறக்குமுன் அவனே அதைச் சொல்லிவிட்டான்.