பஸ் ஏறி ஊர் பார்ப்போம்

காசிக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதை கதையாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் தாம்பரத்தில் முப்பது வருஷம் குடியிருந்தும், பக்கத்திலுள்ள மாடம்பாக்கம் கோயிலை எட்டிப் பாராதவர்கள் எத்தனை பேர்! வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, இடையில் கடைத்தெரு. இவ்வளவுதான் பெரும்பாலோர் அறிந்த சென்னை. "ஊர் சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்தான். எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி. மாநகரப் பஸ்ஸில் ஏறத் தெரிந்தவருக்கு மிகக் கொஞ்சம் போதும் என்பது நமது கட்சி.

தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-ல் திரும்பிய காந்தியடிகள், கோகலேயின் யோசனைப்படி நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி. ஜனங்களை அறிய வேண்டுமானால் ஜனங்களோடு நெருக்கியடித்து உட்கார வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். இன்று ரயிலில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இல்லை. நகரத்தில் அந்த இடத்தை வகிப்பது சாதாரணக் கட்டணப் பஸ்தான். காய்கறிக் கூடையோடு ஒரு அம்மாள், பரீட்சைக்குப் போகும் மாணவன், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்த பெரியவர், இத்தனை பேரும் ஏறி இறங்கும் அந்த வண்டியின் ஜன்னலிலிருந்து தெரியும் ஊர், காரில் போகிறவர் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

ரயில் போட்ட கோடு

தாம்பரம் ரயிலால் வளர்ந்த ஊர். டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனிலிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் இங்கே வந்து சேர்ந்தது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் தனி மாநகராட்சியாகவே ஆகிவிட்டது.

ஆனால் ரயில் ஒரே கோட்டில்தான் போகும். அந்தக் கோட்டுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கிடக்கும் ஊர்களை நமக்குக் காட்டுவது பஸ்தான்.

கிழக்கே செல்வோம். மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது. சோழர் காலத்துக் கோயில். யானை படுத்திருக்கும்போது அதன் பின்புறம் எப்படித் தோன்றுமோ, அப்படி வளைந்திருக்கும் கருவறை. இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். இப்படிப்பட்ட கோயிலைப் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம்தான் போக வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் அது காத்திருக்கிறது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினால், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று வரிசையாக ஊர்கள் வரும். பிறகு வருவது பள்ளிக்கரணை. அங்குள்ள சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலகம் போற்றிக் காக்க வேண்டிய நீர்நிலைகளின் வரிசையில், சேர்க்கப்பட்டது. சுமார் 1,250 ஹெக்டேர் நிலம். கூழைக்கடாக்களும் பூநாரைகளும் வந்து இறங்கும் இடம். அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பை மேட்டையும் காணலாம். போற்ற வேண்டியதும் வெட்கப்பட வேண்டியதும் ஒரே ஜன்னலில் தெரிகின்றன!

இது வெறும் வேடிக்கை அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, "இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று திகைத்தவர்கள் ஏராளம். தென் புறநகரெங்கும் ஏரிகள். ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு நீர் போகும்படி முன்னோர் அமைத்த ஏரிகள். எந்த ஏரி எங்கே இருக்கிறது, அதன் கால்வாயின் மேல் எந்தக் கட்டடம் நிற்கிறது என்பதைக் கண்ணால் கண்ட குடிமகனே நாளை அதைப் பற்றிக் கேள்வி கேட்பான். பார்க்காத ஏரி காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

வடக்கே ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் போனால் குரோம்பேட்டை. இந்தப் பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. சி. ராஜம் 1949-ல் நிறுவிய எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து வந்து இங்கே விமானப் பொறியியல் படித்த மாணவர் பின்னால் நாட்டின் ஜனாதிபதியானார். அப்துல் கலாமைத்தான் சொல்கிறோம். அடுத்தது பல்லாவரம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆராய்ச்சியாளர் பழைய கற்காலக் கோடரி ஒன்றை இங்கே கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் பழமையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது அந்தக் கல். வெள்ளிக்கிழமையானால் அதே பல்லாவரத்தில் சந்தை கூடும். ஊசி முதல் பழைய நாற்காலி வரை அங்கே விலை பேசலாம்.

மேற்கே போனால் பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். தெற்கே 1985 முதல் வண்டலூரில் இருக்கும் மிருகக்காட்சி சாலை. இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியாது. பார்க்க வேண்டியதும் இல்லை. ஒரு திக்குக்கு ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதம் போதும்.

பெண்களுக்குத் திறந்த கதவு

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. இதைக் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்து வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் ஒரு தாய்க்குக் கடற்கரை என்பது வருஷத்துக்கு ஒரு தரம் வரும் பண்டிகையாக இருந்தது. பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் போகலாம்" என்று குழந்தையிடம் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் கழிந்தன. அந்தக் கணக்கு இப்போது அவள் மனத்தை விட்டு நீங்கிற்று. வேலைக்குப் போகத் தந்த சலுகை, ஊரையே அவளுக்குத் திறந்துவிட்டது.

ஆனாலும் அவளுடைய கணவனுக்கும் வளர்ந்த பையனுக்கும் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும். மூன்று இடங்களைப் பார்க்க நான்கு பஸ் மாறினால் நான்கு டிக்கெட். முன்பு 50 ரூபாய் கொடுத்து நாள் முழுவதும் எந்தப் பஸ்ஸிலும் ஏறி இறங்கும் சீட்டு ஒன்று சென்னையில் இருந்தது. பெங்களூரில் தினசரி பாஸ் உண்டு. லண்டனில் 2016-ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, ஒரு முறை கட்டணம் செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அப்படி எளிய விலையில் ஒரு நாள் சீட்டு நமது ஒவ்வொரு கண்டக்டரின் பையிலும் இருக்க வேண்டும். அது இருக்கிறது என்பது ஏழைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நஷ்டத்தில் ஓடும் பஸ்ஸில் வேடிக்கை பார்ப்பவர்களையும் ஏற்றுவதா?" என்று கேட்கலாம். காலையிலும் மாலையிலும் படிக்கட்டில் தொங்கும் அதே வண்டி, பகல் பன்னிரண்டு மணிக்குப் பாதி ஆசனம் காலியாக ஓடுகிறது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். காலி ஆசனத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்தால், அவர்கள் தரும் பணம் வரவே தவிர நஷ்டம் அல்ல.

இரண்டு வேண்டுகோள்கள்

சிக்கனப் பிரயாணியை உண்மையில் கலங்க வைப்பது கட்டணம் அல்ல, கடைசிப் பஸ். அது போய்விட்டது என்று தெரிந்த கணத்தில், நாளெல்லாம் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. இந்தப் பயத்தினாலேயே பலர் மாலை ஐந்து மணிக்கே வீடு திரும்புகிறார்கள்; சிலர் புறப்படுவதே இல்லை. ஆகவே ஒவ்வொரு நிழற்குடையிலும், எந்த நம்பர் எங்கே போகும், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகை வேண்டும். இது முதல் வேண்டுகோள். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலி பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் தருகிறது. நல்ல காரியம். ஆனால் கையில் அப்படிப்பட்ட போன் இல்லாத பாட்டிக்குப் பலகைதான் செயலி.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையின் வாசல் அதுதான். விடியற்காலையில் மூட்டையோடு இறங்குகிறவர் நம் ஊரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பஸ்ஸில் ஏறுவது?" என்பது. அதற்கு நாம் தரும் விடை தெளிவாக இருக்க வேண்டாமா?

இரண்டாவது வேண்டுகோள் ஞாயிற்றுக்கிழமை பற்றியது. ஆபீஸ் இல்லை என்பதற்காக அன்று பஸ்ஸைக் குறைத்தால், உழைப்பவனுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் அவனை வீட்டில் பூட்டியதாகும். கோயிலுக்கும் கடற்கரைக்கும் சந்தைக்கும் போகும் தடங்களிலாவது ஞாயிறன்று பஸ்ஸைக் கூட்ட வேண்டும்.

நம் பங்கும் சிறிது உண்டு. சரியான சில்லறை, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் தயிர் சாதம், பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கும் மனம் ஆகிய இவை போதும். வழி தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பக்கத்து ஆசனத்தில் கேளுங்கள். ஒருவரைக் கேட்டால் நான்கு பேர் பதில் சொல்வார்கள்.

சர்க்கார் பஸ் என்கிறோம். அது நம் வரிப் பணத்தில் ஓடும் நம் வண்டி. அது போகும் ஊரும் நம் ஊர். வருகிற ஞாயிறு, வேலை எதுவும் இல்லாமலே, குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னல் ஓர இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.