அவனையும் உடன் அழைத்துச் செல்வோம்



சென்ற குளிர்காலத்தில் எங்கள் பங்கின் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்திற்குச் சென்றுவரத் திட்டமிட்டோம். பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் தம் கணவர் பெயரையும் மகள் பெயரையும் மட்டும் கூறி நிறுத்திக்கொண்டார்.

"தம்பி வரவில்லையா, அம்மா?" என்று வினவினேன்.

"அவனை அழைத்து வந்து என்ன பயன், ஐயா? ஒரு பறவையின் பெயரையாவது அவனால் சொல்ல முடியுமா? நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நானும் அவனும் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்" என்றார்.

அவன் பத்து வயதுச் சிறுவன், ஆட்டிசம் உள்ளவன். வாய்ப்பேச்சு மிகக் குறைவு. கையில் கிடைத்த இரு குச்சிகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருப்பது அவன் வழக்கம்.

வற்புறுத்தி அழைத்துச் சென்றோம், தோல்விதான் கிட்டியது. அன்று விடுமுறை நாள். நாங்களே நாற்பது பேர். வண்டியை விட்டு இறங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். நாங்கள் திரும்பும்வரை தாயும் மகனும் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தனர். குற்றம் அவனுடையது அன்று. எங்கள் வசதிக்கேற்ற நாளைத் தேர்ந்துகொண்டோமேயன்றி, அவனுக்கேற்ற நாள் எதுவென்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து, ஒரு வேலைநாள் காலையில், அக்குடும்பத்தாரோடு நான் மட்டும் மீண்டும் சென்றேன்.

வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புடையது. நீருக்குள் நிற்கும் மரங்களின்மேல் கூழைக்கடாக்களும், நீர்க்காகங்களும், அரிவாள் மூக்கன்களும், நாரைகளும் நெருங்கிக் கூடுகட்டுகின்றன. நவம்பர் முதல் மார்ச்சு வரை காண்பதற்கு ஏற்ற காலம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊரார் நெடுங்காலமாக அறிவர். 1798-ஆம் ஆண்டிலேயே, அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் இவ்வூராரின் உரிமையை எழுத்தால் ஏற்றுக்கொண்டார். பறவைகள் அஞ்சுமென்று ஊரார் வெடி வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர்.

கரைமேல் மெல்ல நடந்தோம். சிறுவன் ஓரிடத்தில் நின்றான். எதிரே நாரைகளின் கூடுகள். வளர்ந்த நாரை பெரும்பாலும் குரல் எழுப்புவதில்லை. இரை தேடித் திரும்பிய நாரையும் கூட்டிலிருந்த அதன் துணையும் அலகுகளைப் படபடவெனத் தட்டி ஒன்றையொன்று வரவேற்றன. சிறுவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முக்கால் மணி நேரம் அவ்விடத்தைவிட்டு அசையவில்லை. காட்சிக் கோபுரத்தில் நாங்கள் ஏறவில்லை. மற்றப் பறவைகளைத் தேடவுமில்லை. ஆயினும் எதையோ இழந்துவிட்டதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு வீட்டில் நிகழ்ந்ததைத் தாய் பின்னர் என்னிடம் கூறினார். உணவு வேளையில் அவன் இரு கரண்டிகளை எடுத்துத் தட்டினான். தட்டிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தான். அவரும் இரு கரண்டிகளை எடுத்துத் தட்டினார். அவன் சிரித்தான். "இத்தனை ஆண்டுகள் அந்தச் சத்தத்தை நிறுத்து, நிறுத்து என்றே சொல்லி வந்தேன், ஐயா. பதிலுக்குத் தட்ட வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லையே" என்றார்.

இத்தகைய பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோர்க்குச் சில சொற்கள்:

கூட்டமில்லா நாளையும் காலை வேளையையும் தெரிந்துகொள்ளுங்கள். பேருந்து, வாயில், ஏரிக்கரை, உணவு, மீண்டும் வீடு என அன்று நிகழவிருப்பதை வரிசையாகப் படங்கள் வரைந்து முன்கூட்டியே காட்டுங்கள். அடுத்து வருவது இன்னதென அறிந்த பிள்ளைக்கு அச்சம் குறையும். பழகிய உணவு, தண்ணீர், தொப்பி, அவன் விரும்பும் பொருள், வேளைக்குரிய மருந்து ஆகியவற்றை மறவாதீர்கள். ஓசையைத் தாங்காத பிள்ளைக்குக் காதை மூடும் சாதனம் உதவும். நீர்நிலை அருகில் இருப்பதால், ஓடும் இயல்புள்ள பிள்ளையின் கையைப் பெரியவர் ஒருவர் விடாது பற்றியிருத்தல் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையாயின், குடும்பத்தில் ஒருவர் முன்னரே சென்று பாதையையும் படிகளையும் கழிப்பறையையும் பார்த்து வருவது நலம். எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். ஒன்றைக் கண்டால் போதும். களைப்படையும் முன்பே திரும்பிவிடுங்கள். முதல்முறை தோல்வியுற்றால், அதுவே கடைசி முறையாக ஆகிவிட வேண்டாம்.

மற்றப் பெற்றோர்க்கும் ஒரு சொல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் பிறரோடு சமமாகப் பங்குபெறும் உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்கிறது. எனினும் அச்சிறுவனின் தாயை வீட்டோடு நிறுத்தியது சட்டக்குறைவு அன்று. நம் கண்களின் பார்வையே. உற்றுநோக்குவது தவறென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அடுத்த பங்குச் சுற்றுலாவின் நாளையும் நடையின் வேகத்தையும், எல்லாரிலும் மெல்ல நடக்கும் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்வோம்.

எங்கிருந்தோ வரும் பறவைக்காக ஓர் ஊரே தன் ஓசையை அடக்கிக்கொள்கிறது. நம்மிடையே பிறந்த பிள்ளைக்காக நாம் நம் நடையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாகாதா?