ஏரிக்குப் போகும் தண்ணீர் வீணா?

“ஆற்று நீர் கடலில் கலந்து வீணாகிறது!” ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறு பெருகினால் போதும், கோட்டையில் இருப்பவர்கள் முதல் குழாயடியில் நிற்பவர்கள் வரை எல்லோரும் பாடும் பல்லவி இது. நம் மேடைகளிலேயே சில தோழர்கள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோம். பழவேற்காட்டுக் குப்பங்களில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! வலை வீசிப் பிழைக்கும் பாட்டாளிக்கு அந்தத் தண்ணீர்தான் விதைநெல்.

எப்படி? இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்ற நீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த நீரில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகின்றன. இந்தக் கலப்பு கெட்டால் இறால் இல்லை, மடவை இல்லை, நண்டும் இல்லை. அதோடு, முகத்துவாரத்தில் அலை கொண்டுவந்து கொட்டும் மணலை அடித்துத் தள்ளுவதும் வெள்ளந்தான். வெள்ளம் குறைந்தால் மணல் மூடுகிறது. மணல் மூடினால் கோடையில் ஏரி நீர் கடலைவிட உப்பேறுகிறது. படகு கடலுக்குப் போக வழியற்று நிற்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சஞ்சீவ ராஜ் போன்றவர்கள் பல்லாண்டுக் காலம் இந்த ஏரியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை, ஐயா. அதை எடுத்துப் படிக்கும் சர்க்காருக்குத்தான் பஞ்சம்!

ஆரணியாறு ஆந்திர மலையில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஏரிக்கு வருகிறது. வடக்கே காளங்கி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், சிறுபகுதி தமிழகத்தில். அணை ஒரு சர்க்காரிடம், முகத்துவாரம் இன்னொரு சர்க்காரிடம், பறவைச் சரணாலயம் வனத்துறையிடம், மீன் மீன்துறையிடம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் மீனவனுக்கு உத்தரவு சரியாக வந்துவிடுகிறது: கடலுக்குப் போகாதே!

ஆற்றுப் படுகையை முழுதாகப் பாராததன் பலன் மீஞ்சூரில் கண்ணெதிரே கிடக்கிறது. 1966-69இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆரணி, கொசஸ்தலைப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கிணறுகளை இறக்கினார்கள். பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் போயிற்று. உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே புகுந்தது. கிணறுகள் உப்பாயின, உழவன் நிலம் கெட்டது. பிறகு 2010இல் அதே மீஞ்சூரின் பெயரில், காட்டுப்பள்ளிக் கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை! நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். நல்ல தண்ணீரை உப்பாக்கிவிட்டு உப்புத் தண்ணீரை நல்லதாக்கும் இந்தச் சாமர்த்தியத்தை என்னென்பது?

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். 2013இல் எல் அண்ட் டி கம்பெனி திறந்த காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி கையில் போயிற்று. ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவான சரக்குத் திறனை 32 கோடி டன்னாக்க வேண்டுமாம். அதற்குக் கடலையே தூர்த்து நிலமாக்க வேண்டுமாம். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். எண்ணூரிலும் ராயபுரத்திலும் வீடிழந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே என்ன இருக்கிறது? கடலுக்கும் ஏரிக்கும் இடையே மெல்லிய மணல் திட்டு. அது போனால் ஏரி ஏரியாக இராது. கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22ஆம் தேதிக்கு வைத்தார்கள், ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5ஆம் தேதிக்கு வைத்தார்கள், அதையும் ஒத்திவைத்தார்கள். குப்பங்களின் எதிர்ப்பு அப்படி!

குப்பங்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று கனவான்கள் நினைக்க வேண்டாம். ‘பாடு’ என்ற முறை அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஏரியை ஒருவனே சுரண்டாமல் காத்தது இதுதான். ஆனால் மூடி மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளருக்கும் இடமில்லை. ஏரிக்காகப் போராடும் சங்கம் இவர்களை வெளியே நிறுத்திவிட்டு வெல்ல முடியாது.

ஒரிசாவைப் பாருங்கள். சிலிகா ஏரிக்கென்று தனி அமைப்பு ஏற்படுத்தினார்கள்; 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள்; மீன்வளம் பெருகியது. மகாநதியில் நராஜ் தடுப்பணையிலிருந்து ஏரிக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் கணக்குப் பார்த்தார்கள். ஏரியின் பங்கென்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டால்தானே அந்தக் கணக்கே பிறக்கும்?

நாம் கேட்பதும் அதுவே. இரு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு படுகைக் குழு வேண்டும். அதில் இன்ஜினீயர்களோடு உழவரும், இரு கரை மீனவரும், இருளரும் உட்கார வேண்டும். உழவனுக்கு எதிராக மீனவனைத் தூண்டிவிடும் வேலைக்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. இருவர் நீரையும் உறிஞ்சியவன் வேறு. அறிக்கைகள் தமிழிலும் தெலுங்கிலும் குப்பத்துக்குக் குப்பம் வர வேண்டும். ராக்கெட் நாளுக்குக் கூலி வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் மீண்டும் கூட்டப்படுமானால் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைத் தோழர்கள் மீனவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கம்பெனி ஆட்களைக் கொண்டு பந்தல் நிரம்பும் முன்பே போய்ச் சேர வேண்டும்.